அறுபத்தோராவது பிள்ளை

மார்ச் பிறந்தால் போதும், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தெருவில் இறங்கிவிடுகிறார்கள். தலைமை ஆசிரியர், கூட வேலை பார்க்கும் இடைநிலை ஆசிரியர், முடிந்தால் சத்துணவு அமைப்பாளர், பின்னால் பிளெக்ஸ் பேனரைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இருவர். ஓட்டுக் கேட்டு வருபவர்களைப் போலவே கும்பிட்டு, சிரித்து, திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேட்பது ஓட்டு அல்ல, பிள்ளை.

பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடும்.

"பேத்திக்கு அஞ்சு முடிஞ்சிருக்குமே பாட்டி? நம்ம ஸ்கூல்லயே சேத்துடலாம்ல?"

"நான் என்ன சார் சொல்றது... அவ அப்பங்காரனைத்தான் கேக்கணும். எல்லாப் பிள்ளையும் வேன்ல போவுது, நாங்க மட்டும் நடக்க வெச்சா ஊரு ஒரு மாதிரி பேசும்."

அந்த மஞ்சள் வேன்தான் எதிரணி வேட்பாளர். தனியார் பள்ளியின் பாடத்தைப் பற்றியோ, அங்கே பாடம் நடத்துபவரின் படிப்பைப் பற்றியோ யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. காலை எட்டு மணிக்கு வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறதே, அதுதான் பேச்சு. அரசு இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. முன்பெல்லாம் ஜூனில் பள்ளி திறந்த பிறகுதான் சேர்க்கை. இப்போது மார்ச் 1-ஆம் தேதியே தொடங்கச் சொல்லிவிடுகிறது பள்ளிக் கல்வித் துறை. அதற்கும் முன்பே தனியார் பள்ளிகள் பொங்கல் கழிந்த கையோடு முன்பணம் வாங்கி முடித்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இந்த அலைச்சல் எதற்காக? சம்பளம் எப்படியும் வரப்போகிறது, பிள்ளை குறைந்தால் வேலையும் குறையும், வாத்தியாருக்கு என்ன நஷ்டம் என்று ஊரில் கேட்பவர்கள் உண்டு. விடை ஒரு தேதியில் இருக்கிறது: ஆகஸ்ட் 1.

ஆகஸ்ட் கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று பள்ளியில் எத்தனை பேர் பதிவில் இருக்கிறார்களோ, அந்த எண்ணை வைத்துத்தான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயிக்கிறார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்லும் கணக்கு இது: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5.

இந்த அட்டவணையை ஒரு கிராமத்துப் பள்ளியின் வராந்தாவில் நின்று படித்துப் பாருங்கள். பிள்ளைகள் 58 பேர் என்றால் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர்தான் காலை உணவைச் சரிபார்க்க வேண்டும், எமிஸ் என்னும் மாணவர் தகவல் தளத்தில் வருகையைப் பதிவேற்ற வேண்டும், வட்டாரக் கல்வி அலுவலர் கூப்பிட்டால் கூட்டத்துக்கு ஓட வேண்டும். இன்னொருவருக்குப் பயிற்சி வகுப்போ வாக்காளர் பட்டியல் வேலையோ வந்துவிட்டால் ஒரே ஆள், ஐந்து வகுப்பு. இன்னும் மூன்று பிள்ளைகள் சேர்ந்து 61 ஆகிவிட்டால் மூன்றாவது ஆசிரியருக்கு இடம் பிறக்கிறது. தெருத்தெருவாக அவர்கள் தேடுவது அந்த அறுபத்தோராவது பிள்ளையைத்தான்.

எண் கீழே இறங்கினாலும் அட்டவணை அதே கண்டிப்போடு வேலை செய்யும். 61-இல் இருந்த பள்ளியில் இரண்டு குடும்பம் பிழைப்புக்குத் திருப்பூர் போய்விட்டால், மூன்றாவது ஆசிரியர் 'உபரி' ஆகிவிடுவார். பணி நிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். ஆசிரியர் போனதும், "ரெண்டு வாத்தியார்தானாம், என்னத்தச் சொல்லிக் குடுப்பாங்க" என்று இன்னும் நாலு வீட்டில் வேனைக் கூப்பிடுவார்கள். மறு ஆண்டு எண்ணிக்கை மேலும் சரியும். அரசுப் பள்ளி கெட்டதால் பிள்ளைகள் போனார்களா, பிள்ளைகள் போனதால் பள்ளி கெட்டதா என்று பட்டிமன்றமே வைக்கலாம். ஆனால் ஆசிரியர் பணியிடம் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் வழக்காட இடமில்லை. அங்கே முதலில் குறைவது பிள்ளைகளின் எண்ணிக்கை. ஆசிரியர் குறைவது அதற்குப் பிறகுதான்.

கடைசியில் எங்கே போய் முடியும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2019 ஆகஸ்டில், பிள்ளைகளே இல்லாத அல்லது விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருந்த 46 அரசுப் பள்ளிகளைத் தற்காலிக நூலகங்களாக மாற்றியது அரசு. 'மூடவில்லை, நூலகமாக்கினோம்' என்று சொன்னார்கள். படிக்கப் பிள்ளை இல்லாத ஊரில் நூலகத்தில் யார் படிப்பார்கள் என்பதை யாரும் விளக்கவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் விஷயம் தெரிந்ததும் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, தங்கள் பிள்ளைகளையே கொண்டுவந்து சேர்த்துப் பள்ளியை மீட்டார்கள். அதாவது பூட்டுவதற்கும் திறப்பதற்கும் நடுவில் இருந்தது ஒரு சேர்க்கைப் படிவம்தான்.

மூன்று வயதில் பறிபோகும் பந்தயம்

அரசுத் தொடக்கப் பள்ளியின் பெரிய சிக்கல், அது ஐந்து வயதில்தான் கதவைத் திறக்கிறது என்பது. தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. ஆறு வயது ஆகட்டும் என்கிறது 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை. கேந்திரிய வித்யாலயாக்கள் 2022 முதல் அதைப் பின்பற்றுகின்றன. தமிழ்நாடு ஐந்திலேயே நிற்கிறது. நல்லதுதான். ஆனால் தனியார் பள்ளியின் கதவு மூன்றரை வயதில் எல்.கே.ஜி. என்ற பெயரில் திறந்துவிடுகிறது. அங்கே இரண்டு ஆண்டு போய், ஷூ போட்டு, ரைம்ஸ் சொல்லிப் பழகிய பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்கு இங்கே கூட்டி வாருங்கள் என்றால் எந்த அம்மா வருவார்?

அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது சமூக நலத் துறையின் கீழ். பள்ளி வேறு துறை. ஊர்க்கண்ணுக்கு அங்கன்வாடி என்றால் சத்துமாவு, உறக்கம், விளையாட்டு. படிப்பு அல்ல. இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பெற்றோர் ஆர்வமாக வந்தார்கள். 2022-இல் திடீரென்று அந்த வகுப்புகளை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் தொடரும் என்று அறிவித்து, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களை நியமிக்கச் சொன்னார்கள். அரசுப் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவரும் முக்கியமான வாசலைக் காக்க 5,000 ரூபாய் போதும் என்று நினைத்தவர்களை என்ன சொல்வது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் கீழே என்றால் விண்ணப்பிக்கலாம். கட்டணத்தை அரசு கட்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நல்லதுதானே என்றால், தனித்தனியாகப் பார்க்கும்போது நல்லதுதான். ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் தன் பள்ளியையும் நடத்திக்கொண்டு, அங்கே சேர வேண்டிய பிள்ளையை எதிர்வீட்டுப் பள்ளிக்குக் காசு கொடுத்து அனுப்புவதும் அதே அரசுதான். கர்நாடகம் விதியைத் திருத்தி, அருகில் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இல்லாத இடத்தில்தான் இந்த 25 சதவீதம் என்று ஆக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

சலுகைகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதையும் கவனியுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் எல்லாமே ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பெற்றோர் கணக்குப் போடத் தெரியாதவர்களா? "அஞ்சாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம், ஆறாவதுல கவர்மென்ட்" என்பது இன்று பல ஊர்களில் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்ட பாதை. மேல்நிலைப் பள்ளிகள் நிரம்புகின்றன. தொடக்கப் பள்ளிகள் காற்று வாங்குகின்றன.

படிவம், பதிவேடு, இரண்டு மச்சம்

சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதைவிட எளிய அரசு வேலை வேறு இருக்காது. நுழைவுத் தேர்வு இல்லை, நேர்காணல் இல்லை, நன்கொடை இல்லை. பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்ப்பதைச் சட்டமே தடை செய்கிறது. கட்டணமும் கிடையாது. பிள்ளையை அழைத்துக்கொண்டு, பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, இருந்தால் சாதிச் சான்று, ஒரு போட்டோவோடு போனால் அரை மணி நேரத்தில் வீடு திரும்பலாம்.

அந்த அரை மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கணினி வந்து எத்தனையோ ஆண்டு ஆகியும் நீளமான, தடித்த அட்டை போட்ட சேர்க்கைப் பதிவேடு மேசையை விட்டுப் போகவில்லை. தலைமை ஆசிரியர் அதை எடுத்து, கடைசியாக எழுதிய வரிசை எண்ணுக்கு அடுத்த எண்ணைப் போடுகிறார். அதுதான் பிள்ளையின் சேர்க்கை எண். பிள்ளை பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், தாய்மொழி என்று கட்டம் கட்டமாகப் போகும்போது ஒரு கட்டத்தில் பேனா நிற்கும். அங்க அடையாளம்.

"மச்சம் எங்கம்மா இருக்கு?"

அம்மாவுக்குச் சட்டென்று ஞாபகம் வராது. அதுவரை அம்மாவின் சேலைத் தலைப்பில் ஒளிந்திருந்த பிள்ளையை முன்னால் இழுத்து, சட்டையைத் தூக்கி, முழங்கையைத் திருப்பி, காது மடலை மடக்கி இரண்டு பேருமாகத் தேடுவார்கள். ஒன்று கிடைத்துவிடும், இரண்டாவதுக்குத்தான் பாடு. கடைசியில் போன மாதம் விழுந்து அடிபட்ட முழங்கால் தழும்பு கைகொடுக்கும். அந்தத் தழும்பு இனி மாற்றுச் சான்றிதழ் வரை கூடவே போகும். பதிவேடு முடிந்ததும் அதே விவரங்கள் எமிஸ் தளத்தில் ஏறும். பிள்ளைக்கு ஒரு நிரந்தர எண் கிடைக்கும். எந்தப் பள்ளிக்கு மாறினாலும் அந்த எண் மாறாது.

தாத்தா காலத்தில் இந்தச் சடங்கு வேறு மாதிரி. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். விரல் எட்டினால் ஒன்றாம் வகுப்பு. எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா. பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? பள்ளி திறக்கும் மாதத்தைக் கணக்கிட்டு வாத்தியாரே ஒரு தேதி போட்டுவிடுவார். அப்படிப் பிறந்தவர்கள்தான் பின்னாளில் அரசு அலுவலகங்களில் மே 31-ஆம் தேதி கூட்டம் கூட்டமாக மாலை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றார்கள்.

இப்போது தேதியில் விளையாட முடியாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் திருத்தம் 2023 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தபின், அந்தத் தேதி முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்பட எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றே ஆதாரம். ஆனால் சான்று இல்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் முடியாது. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்தின் பிள்ளையாக இருந்தாலும் இதே சட்டம்தான். மொழி தெரியாதே என்று அப்படிப்பட்ட பெற்றோர் தயங்குவார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளைதான் கடையில் அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளர். 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில், பிகாரிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த, சென்னைப் புறநகர் அரசுப் பள்ளி மாணவி ஒருவர் தமிழில் 93 மதிப்பெண் வாங்கியது அப்போது பெரிய செய்தியாக வந்தது.

பெற்றோர் உண்மையில் கவலைப்பட வேண்டியது பெயரின் எழுத்துக்கூட்டலைப் பற்றி. ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி, ஜாதகத்தில் எண்கணிதப்படி இன்னொரு மாதிரி என்று மூன்று பெயரோடு வரும் பிள்ளைகள் நிறைய. சில பிறப்புச் சான்றுகளில் பெயரே இருக்காது. 'ஆண் குழந்தை' என்பதோடு நின்றிருக்கும். இன்று பதிவேட்டில் என்ன எழுதுகிறார்களோ அதுதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை போகும். அதன் பிறகு ஓர் எழுத்தைத் திருத்துவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஆகவே மார்ச் மாதமே இ-சேவை மையத்துக்கு ஒரு நடை போய் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவது புத்திசாலித்தனம். தலைப்பெழுத்தைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்பது இப்போது அரசின் நடைமுறை.

சாதிக் கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதி, மதம் குறிப்பிட விருப்பமில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடலாம். 1973-லேயே இதற்கு அரசாணை இருக்கிறது. அது தெரியாத தலைமை ஆசிரியர்களும் இருக்கிறார்கள், பதமாகச் சொல்லிப் பாருங்கள். அப்படி விட்டால் இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் கோர முடியாது. வசதியான வீட்டுக்கு அது கொள்கை. கூலி வேலை செய்யும் வீட்டுக்கு அது இழப்பு. யாரும் யாருக்கும் இதில் உபதேசம் செய்ய வேண்டாம்.

தமிழா, இங்கிலீஷா

எந்த மீடியம் என்று கேட்பார்கள். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. வேனோடு போட்டி போட அரசு கையில் எடுத்த ஆயுதம் அது. எல்லா ஊரிலும் அது கூரானதாக இல்லை. இரண்டு ஆசிரியர் பள்ளியில் தமிழ் வழியும் ஆங்கில வழியும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் நடந்தால் அது பெயருக்கு ஆங்கில வழிதான். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, ஆங்கில வழி இருக்கிறதா என்பதல்ல; அதற்குத் தனி ஆசிரியர் இருக்கிறாரா என்பது.

ஒரு தகவல் இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. சமச்சீர் கல்வி வந்து, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். வேனில் போகும் பிள்ளையும் நடந்து போகும் பிள்ளையும் படிப்பது அதே பாடத்தை. மீடியம் மட்டும் வேறு. இன்னொன்று, அரசு வேலைக் கனவு இருக்கும் வீட்டுக்கு. தமிழ் வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. ஏதோ ஒரு பட்டத்தைத் தமிழில் முடித்துவிட்டு அந்த இடத்தைக் கேட்பது நடந்ததால், 2020-இல் திருத்தி, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியிலேயே இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். தேர்வாணையத்துக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று கொடுக்க வேண்டியிருக்கிறது. ஐந்து வயதில் நிரப்பும் கட்டம் இருபத்தைந்து வயதில் வந்து கதவைத் தட்டும் என்று யார் நினைத்தார்கள்?

சுவரைப் பார்க்காதீர்கள்

சேர்ப்பதற்கு முன் பள்ளியைப் போய்ப் பார்ப்பது நம் ஊரில் பழக்கமில்லை. போகலாம், தடையில்லை. சாதாரண வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல், காலை ஒன்பதரைக்குப் போங்கள். சுவரில் ரயில் பெட்டி வரைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். அதை ஒரு வாரத்தில் வரைந்துவிடலாம். கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள், தண்ணீர் வருகிறதா. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, பாடப் புத்தகத்தில் இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். நோட்டில் சிவப்பு மை எத்தனை நாளுக்கு ஒருமுறை இருக்கிறது என்று புரட்டுங்கள். நூலகப் புத்தகம் பிள்ளை கையில் இருக்கிறதா, பூட்டிய பீரோவில் இருக்கிறதா? ஆசிரியர் எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாமல், அதில் யாராவது மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பட்டியலில் மூவர் இருப்பார்கள். வகுப்பில் இருவர்தான் இருப்பார்கள்.

மூன்று வகுப்பு ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு மட்டும் பயந்துவிட வேண்டாம். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையிலிருந்து கற்றுக்கொண்டு, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் சோதித்து, 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல், பல வகுப்பு ஒரே அறையில் என்பதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்கியது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று வயதை வைத்து அல்லாமல் கற்ற அளவை வைத்துப் பிரிக்கிறது. கொரோனாவில் இரண்டு ஆண்டு வீட்டில் கிடந்த பிள்ளைகளுக்காக வந்த திட்டம் அது. நல்ல ஆசிரியர் கையில் இந்த முறை அழகாக நடக்கிறது. செயலியில் விவரம் ஏற்றவே பாதி நேரம் போகிறது என்ற ஆசிரியர்களின் புலம்பலிலும் உண்மை இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் பள்ளிச் சேர்க்கையைப் பற்றி எழுத முடியாது. 1920-இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் நீதிக்கட்சிக்காரர்கள் தொடங்கியது, 1956-இல் காமராஜர் மாநிலமெங்கும் விரித்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு என்று பெருக்கியது எல்லாமே மதியச் சாப்பாடு. காலைப் பசி அப்படியே இருந்தது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் 1,545 பள்ளிகளுக்குத் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. வேனுக்கு எதிராக அரசுப் பள்ளியிடம் இப்போது இருக்கும் உருப்படியான ஒரே ஆயுதம் அந்த உப்புமாவும் பொங்கலும்தான் என்பது என் எண்ணம். ஏழு மணிக்குப் பனியன் கம்பெனி வண்டி ஏற வேண்டிய அம்மாவுக்கு அது ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. மகளிர் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் பெரும்பாலும் அங்கேதான் சாப்பிடுகின்றன. அதனால் ருசிக்கு உத்தரவாதம் உண்டு.

அரசு ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே சேர்க்கிறார்கள் என்ற கேள்வி டீக்கடையில் தினமும் எழுகிறது. 2011 ஜூனில் ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆர்.ஆனந்தகுமார், குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தன் மகளைச் சேர்த்தபோது அது நாடு முழுக்கச் செய்தியானது. ஒரு தகப்பன் தன் பிள்ளையை வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியில் சேர்த்தது செய்தியாகிறது என்றால் நிலைமை என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம். 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், உத்தரப் பிரதேச அரசு ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தோடு நின்றது. வீடு வீடாகப் பிள்ளை கேட்டுப் போகும் ஆசிரியரிடம், "உங்க பையன் எங்க சார் படிக்கிறான்?" என்று யாராவது கேட்டுவிட்டால் பேச்சு அங்கேயே தடுமாறும். எல்லா ஆசிரியருக்கும் இது பொருந்தாது. ஆனால் பலருக்குப் பொருந்தும்.

தனியார் பள்ளியிலிருந்து நடுவில் மாறி வருபவர்களுக்கு வேறு ஒரு தலைவலி. கொரோனா காலத்தில் வேலை போன வீடுகளிலிருந்து பிள்ளைகள் திரள் திரளாக அரசுப் பள்ளிக்கு வந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. கட்டணப் பாக்கி என்று மாற்றுச் சான்றிதழைப் பிடித்துவைப்பார்கள். எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க மாட்டார்கள். அங்கே விடாவிட்டால் இங்கே ஏற்ற முடியாது. சட்டம் தெளிவாகவே இருக்கிறது: சான்றிதழ் வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சான்றிதழைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது, கட்டணப் பாக்கியை அதில் குறிப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டது. பிள்ளையை முதலில் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். அங்கும் நகரவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

சேர்த்த பிறகு பெற்றோர் கைக்கு வரும் அதிகாரத்தைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தலைவர் பதவியும் பெற்றோருக்குத்தான். ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறது, கழிப்பறைக் கூரை ஒழுகுகிறது என்று தீர்மானம் போட்டு மேலே அனுப்ப அந்தக் குழுவால் முடியும். கூட்டத்துக்குப் போகாமல் கையெழுத்தை மட்டும் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்பவர்கள், வேன்காரரிடம் ஐந்து நிமிடத் தாமதத்துக்குச் சண்டை போடுவதைப் பார்க்கிறோம்.

ஜூனில் சேர்க்க முடியவில்லை என்றாலும் வாசல் அடைபடாது. கல்வி ஆண்டின் எந்த நாளிலும் பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும். ஆண்டு நடுவில் சூளைக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகள் அப்படித்தான் சேர்கிறார்கள். விஜயதசமிக்குப் பள்ளியைத் திறந்துவைத்து, அரிசியில் அகரம் எழுத வைத்துச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தையும் தொடக்கக் கல்வித் துறையே ஏற்படுத்தியிருக்கிறது. அப்படி அக்டோபரில் வரும் பிள்ளைக்குப் புத்தகம் உண்டு, சீருடை உண்டு, காலைப் பொங்கல் உண்டு, மதியம் முட்டையும் உண்டு. ஆசிரியர் கணக்கில் அது சேர அடுத்த ஆகஸ்ட் வர வேண்டும்.